சிவப்பு மை நிறைந்த நோட்டு நல்ல நோட்டா?

பிள்ளைகளின் ஆங்கில எழுத்தைத் திருத்துவது பற்றிப் பெற்றோருக்கு



பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "இங்கிலீஷ் நோட்டைத் திருத்தவே இல்லையே, டீச்சர்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டுகிறோம். நமக்கு ஆங்கிலம் எழுத வராவிட்டாலும் நோட்டில் சிவப்பு மை இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். சிவப்பு நிறைய இருந்தால் டீச்சர் உழைக்கிறார், இல்லாவிட்டால் கவனிக்கவில்லை. இப்படித்தான் நாம் கணக்குப் போடுகிறோம்.

இந்தக் கணக்கால் நட்டப்படுவது நம் பிள்ளைகள்தான். அது ஏன் என்பதையும், நோட்டில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆங்கிலம் தெரியாத தாய் தந்தையரும் வீட்டில் செய்யக்கூடியவை இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் டீச்சரின் பக்கம் நின்று பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தின் எல்லாப் பிழைகளையும் தேடித் திருத்த ஐந்து நிமிடம் என்றால், 40 நோட்டுக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். மூன்று செக்ஷன் இருந்தால் பத்து மணி நேரம். இது ஒரே ஒரு பக்கத்துக்கு! வாரா வாரம் இதை யாராலும் செய்ய முடியாது. ஆனால் நோட்டு திருத்தவில்லை என்று பெற்றோரும் கேட்கிறார்கள், மேலிடத்திலிருந்தும் கேட்கிறார்கள். டீச்சர் என்ன செய்வார்? பாடத்தின் பத்தியைக் கரும்பலகையில் தானே எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்வார். 40 நோட்டிலும் ஒரே பத்தி, ஒரே வாக்கியம். பிழை இல்லாததால் ஒரு டிக், ஒரு கையெழுத்து, ஒரு "குட்". நாமும் மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

பிழையே இல்லாத அந்த நோட்டைப் பார்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும். அதில் பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

இதன் விலை உடனே தெரிவதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கைடில் உள்ள கடிதத்தை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கிவிடலாம். அதற்கப்புறம்தான் சிக்கல். திருப்பூரில் தைக்கிற வேலைக்கு ஆங்கிலம் தேவையில்லை. ஓவர்லாக் ஓட்டவும், செக்கிங் டேபிளில் நிற்கவும், அயர்ன் பண்ணவும் தேவையில்லை. அதே கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் மேசைக்கு அது தேவை. "லேப் டிப்பில் ஷேடு கொஞ்சம் மாறியிருக்கிறது, இதையே பையர் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டு ஒரு மெயில் போடு" என்று மேனேஜர் சொன்னால், அதற்கு எந்தக் கைடிலும் கடிதம் கிடையாது. டிகிரி முடித்த நம் பிள்ளை அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எழுதினால் தப்பாகிவிடுமோ என்ற பயம் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. பயம் ஆரம்பித்த இடம் ஆறாம் வகுப்பு நோட்டு.

ஓதும்போது திருத்துவது வேறு

நம் வீடுகளில் திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது மக்தப் மதரஸாதான். பிள்ளை குர்ஆன் ஓதுகிறது, உஸ்தாத் கேட்கிறார். ஒரு எழுத்து பிசகினால் அங்கேயே நிறுத்துகிறார். பிள்ளை திரும்ப ஓதுகிறது. சரியாக வரும்வரை அடுத்த ஆயத்துக்குப் போவதில்லை. ஓதுதலுக்கு அதுதான் சரியான முறை. அங்கே வசனம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு எழுத்தும் கூடவோ குறையவோ கூடாது. பிள்ளையின் வேலை அதை உள்ளபடி ஒப்பிப்பது.

ஆங்கிலத்தில் "எங்கள் தெரு" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நிலைமை வேறு. அங்கே ஒப்பிக்க மூலம் எதுவும் இல்லை. என்ன சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, எதை முதலில் வைப்பது என்று எல்லாவற்றையும் பிள்ளையே யோசிக்க வேண்டும், அதுவும் வீட்டில் யாரும் பேசாத மொழியில். இங்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தினால் பிள்ளை யோசிப்பதை விட்டுவிடும். அடுத்த முறை தப்பு வராத சின்ன வாக்கியங்களாக மூன்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடும். மக்தபில் பலன் தரும் முறையை நாம் நல்லெண்ணத்தோடு ஆங்கில நோட்டிலும் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு இங்கே பொருந்துவதில்லை.

பெங்களூரிலும் சென்னையிலும் நடந்த ஒரு சோதனை

பிழையைக் கண்ட இடத்தில் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலப் பாடத்துக்குள் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களிலும் 60களிலும் மதராஸ் மாநிலப் பள்ளிகளில் "ஸ்ட்ரக்சுரல்" முறை கொண்டுவரப்பட்டது. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பழக்குவதுதான் அந்த முறை. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு பெரிய இயக்கமே நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தர வேண்டும். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து போல என்பதால் அதற்கு "மதராஸ் ஸ்னோபால்" என்றே பெயர் வந்தது. மொழி ஒரு பழக்கம் என்பது அந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. தவறாகச் சொன்னால் தவறே பழகிவிடும், ஆகவே பிழை வரவே விடக்கூடாது, வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும் என்றார்கள். இன்றைய சிவப்புப் பேனாவுக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதே நம்பிக்கைதான்.

அந்த முறையில் படித்த பிள்ளைகள் பயிற்சியில் சரியாகச் சொன்னார்கள். வகுப்புக்கு வெளியே சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கத் தடுமாறினார்கள். இதைக் கவனித்தவர்களில் ஒருவர் என்.எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலின் அலுவலராகச் சென்னையில் பணியாற்றியவர். பெங்களூரு ரீஜனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இங்கிலீஷ் ஒத்துழைப்போடு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் அவர் ஒரு சோதனை நடத்தினார். உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்கள் அதை இன்றும் "பெங்களூரு திட்டம்" என்று பேசுகிறார்கள். நம் தென்னாட்டுப் பிள்ளைகளிடம் கற்றது உலகத்துக்கே பாடமாயிற்று. 1987-இல் பிரபு அதை நூலாகவும் எழுதினார்.

அந்த வகுப்புகளில் இலக்கணப் பாடம் என்று தனியாக எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு வேலைகள் தரப்பட்டன. ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த வண்டி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், குறித்த நேரத்துக்குள் போக வேண்டியவர் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது போன்ற கேள்விகள் கேட்பார்கள். ஊர் வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். விடை சரியா என்பதுதான் முதலில் பார்க்கப்படும். பிள்ளை சொன்ன ஆங்கிலம் உடைந்திருந்தாலும் எடுத்த முடிவு சரி என்றால் அது சரி.

அப்படியானால் பிழையைத் திருத்தவே இல்லையா? திருத்தினார்கள். அதை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார் பிரபு. பிள்ளை தவறாகச் சொன்னால் ஆசிரியர் சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வது ஒரு வகை. இதைப் போகிற போக்கில் திருத்துவது என்று சொல்லலாம். வேலையை நிறுத்திவிட்டு, விதியை விளக்கி, அதே வகையில் பத்து எடுத்துக்காட்டு தந்து பயிற்சி கொடுப்பது இன்னொரு வகை. பிரபுவின் வகுப்புகளில் முதல் வகைக்கு மட்டுமே இடம். பேசப் பழகும் குழந்தையிடம் தாய் செய்வதும் அதுதானே. "நாளைக்கு நான் வந்தேன்" என்று குழந்தை சொன்னால், "நேத்து வந்தியா? யார்கூட வந்தே?" என்று கேட்கிறாள். சரியான சொல் காதில் விழுந்துவிடுகிறது, பேச்சும் நிற்கவில்லை.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் வெளியிலிருந்து வந்து இந்தத் திட்டத்தை மதிப்பிட்டார்கள். 1985-இல் வெளிவந்த அவர்கள் முடிவு எச்சரிக்கையானது. திட்ட வகுப்புகளுக்கு ஓரளவு சாதகம், ஆனால் ஒரேயடியாக வெற்றி என்று சொல்வதற்கில்லை. நாமும் அதை அந்த அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு திட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது "திருத்தாதே" என்பதை அல்ல. பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்பதை முதலில் கேள், பிறகு திருத்து என்ற வரிசையைத்தான்.

ஆய்வாளர்கள் போட்ட சண்டை

எழுத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1984-இல் ஹாரியட் செம்கி என்ற அமெரிக்க ஆசிரியை "சிவப்புப் பேனாவின் விளைவுகள்" என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவரிடம் ஜெர்மன் மொழி படித்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குப் பிழையைத் தொடாமல், எழுதிய விஷயத்தைப் பற்றி மட்டும் குறிப்பு எழுதினார்கள். திருத்தம் வாங்கியவர்களின் பிழை அதனால் குறைந்துவிடவில்லை. குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் தாராளமாக எழுத ஆரம்பித்தார்கள்.

1996-இல் தைவானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஜான் டிரஸ்காட் இன்னும் ஒரு படி மேலே போனார். எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, தீங்கும் செய்கிறது, அடியோடு விட்டுவிடுங்கள் என்றார். ஆசிரியர்கள் கொதித்தார்கள். அமெரிக்காவின் டானா ஃபெரிஸ் 1999-இல் மறுப்பு எழுதினார். எல்லாத் திருத்தத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், தேர்ந்தெடுத்துத் தெளிவாகச் செய்தால் பலன் உண்டு என்பது அவர் வாதம். இந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை.

நமக்குப் பயன்படும் விடை நியூசிலாந்திலிருந்து வந்தது. ஜான் பிச்னர், உட்டே நாக் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கற்பவர்கள் எழுதியதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்தினார்கள். முதல்முறை ஒன்றைச் சொல்லும்போது "எ", அதையே மறுபடி சொல்லும்போது "தி", அவ்வளவுதான். மற்றப் பிழைகளைத் தொடவில்லை. பத்து மாதம் கழித்துச் சோதித்தபோதும், திருத்தம் பெறாதவர்களைவிடத் திருத்தம் பெற்றவர்கள் அந்த விஷயத்தில் சரியாக எழுதினார்கள். ஒரு பக்கத்தில் இருபது பிழையைச் சுழித்தால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. ஒரே வகைப் பிழையை மட்டும் காட்டினால் அது நிற்கிறது.

இந்த "எ", "தி" நம் பிள்ளைகளுக்குக் கடினம், காரணம் தமிழில் "தி" என்பதற்கு நேர்ச் சொல் கிடையாது. ஆனால் மக்தபுக்குப் போன பிள்ளைக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அரபியில் "கிதாபுன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், "அல்-கிதாபு" என்றால் நாம் அறிந்த அந்தப் புத்தகம். அந்த "அல்" செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் "தி" பெரும்பாலும் செய்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. ஆனாலும் தொடங்க இது நல்ல பிடி. நம் பகுதியில் மாலை டியூஷன் எடுக்கும் கல்லூரி மாணவிகள் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம்

பேச்சை விட்டு வேலைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் அத்தாவைப் பற்றி இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"மை ஃபாதர் டெய்லர். ஹி கோ கம்பெனி எயிட் ஓ'கிளாக். நைட் ஹி கம் லேட். சண்டே ஒன்லி வி ஆல் ஈட் டுகெதர். ஐ லைக் சண்டே."

மொத்தம் 21 சொல். எல்லாவற்றையும் திருத்துவதென்றால் "இஸ்" இல்லை, "எ" இல்லை, "கோ" அல்ல "கோஸ்", "டு" இல்லை, "தி" இல்லை, எட்டு மணிக்கு முன்னால் "அட்" இல்லை, "நைட்"டுக்கு முன்னாலும் இல்லை, "கம்" அல்ல "கம்ஸ்", "ஆன்" இல்லை, "ஒன்லி" இடம் மாறியிருக்கிறது. பத்துச் சிவப்பு. பிள்ளை நோட்டைத் திறந்ததும் தன் எழுத்தே தெரியாது, சிவப்புதான் தெரியும்.

இப்போது அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். இரவு நேரம் கழித்து வரும் அத்தா, எல்லோரும் சேர்ந்து சாப்பிடக் கிடைக்கும் ஒரே நாள், அதனால் பிடித்துப்போன ஞாயிற்றுக்கிழமை. உடைந்த ஆங்கிலத்தில் இந்தப் பிள்ளை ஒரு முழு விஷயத்தைச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லும் துணிவு இருக்கிறதே, நாம் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். டீச்சர் கீழே எழுத வேண்டிய முதல் வரி இதுதான்: "ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீர்கள்? யார் சமைப்பார்கள்? இன்னும் இரண்டு வாக்கியம் எழுது." தமிழில் எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளைக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு பிழை. இந்த மாதம் வினைச்சொல்லில் வரும் "ஸ்" என்று வகுப்பில் முடிவு செய்திருந்தால், "கோ", "கம்" இரண்டின் கீழ் மட்டும் ஒரு கோடு. சரியான வடிவத்தை டீச்சர் எழுத வேண்டாம், பிள்ளையே எழுதட்டும். தமிழில் நான் போகிறேன், நீ போகிறாய், அவர் போகிறார் என்று ஒவ்வொருவருக்கும் வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் ஹி, ஷி வரும்போது மட்டும் ஒரு சின்ன "ஸ்" ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். தமிழோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சுலபம்!

"இஸ்" விட்டுப்போனதற்கும் காரணம் இருக்கிறது. "என் அத்தா டெய்லர்" என்பது தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு சொல் வேண்டும். உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு "ஹை" பழக்கம் என்பதால், அந்த "ஹை"யின் இடத்தில்தான் "இஸ்" என்று சொன்னால் போதும். அது அடுத்த மாதத்துக்கான வேலை.

பிழை எல்லாமே அறியாமையும் அல்ல. 1967-லேயே பிட் கார்டர் என்ற மொழியியலாளர் இதைப் பிரித்துக் காட்டினார். தெரிந்தும் அவசரத்தில் விடும் பிழை ஒன்று, தெரியாமல் செய்யும் பிழை இன்னொன்று. இரண்டையும் பிரிக்கச் சுலபமான வழி, எழுதியதைப் பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வதுதான். அவசரப் பிழைகள் பாதி அங்கேயே பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும். மிச்சம் இருப்பதற்குத்தான் ஆசிரியர் தேவை.

கடைசியாக ஒன்று, பல பள்ளிகளில் விட்டுப்போவது. திருத்திய பக்கத்தைப் பிள்ளை மறுபடி எழுத வேண்டும். தண்டனையாகப் பத்து முறை எழுதுவது அல்ல. இரண்டு "ஸ்" சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் கூட்டி, ஒரே ஒரு முறை எழுதினால் போதும். பழைய பக்கமும் புதிய பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இது நமக்குத் தெரியாத முறை அல்ல. ஒரு ஆர்டர் வந்தால் முதல் சாம்பிளிலேயே பையர் எல்லாவற்றையும் கேட்பதில்லை. முதலில் ஸ்டைல் சரியா என்று பார்க்கிறார். ஃபிட் சாம்பிளில் அளவுக்குக் கமென்ட்ஸ் வருகிறது. பி.பி. சாம்பிளில்தான் துணி, பிரிண்ட், லேபிள் வரை கறாராகப் பார்க்கிறார். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில்கூட மேஜர், மைனர் என்று பிரிவு உண்டு. செக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டிய பீஸை ஆல்டருக்குத் தைத்தவரிடமே அனுப்பினால்தான் அவர் கை சரியாகும். செக்கரே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தால் அடுத்த நூறு பீஸிலும் அதே தப்பு வரும். பனியனுக்கு இவ்வளவு பொறுமை காட்டும் ஊரில் பிள்ளையின் முதல் பக்கத்துக்கு மட்டும் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வைக்கிறோம்.

"பரீட்சையில் எல்லாப் பிழைக்கும் மார்க் குறைப்பார்களே" என்று கேட்கலாம். குறைப்பார்கள், உண்மைதான். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் எல்லாப் பிழையையும் பார்த்துத் திருத்தும் பயிற்சி தேவைதான். ஆனால் அதற்கு முன் திருத்துவதற்கு ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

ஆங்கிலம் தெரியாத தாய்க்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். டீச்சரால் 40 பேருக்கும் செய்ய முடியாத ஒன்றை நீங்கள் ஒரு பிள்ளைக்குச் செய்ய முடியும். எழுதியதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழிலோ உருதுவிலோ சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது எழுதியதைவிட நிறையச் சொல்லும். "அத்தா லேட்டா வருவார், ஷிப்மென்ட் இருந்தா விடிஞ்சிரும், நான் தூங்கிருவேன்" என்று வரும். "இதை ஏன் எழுதலை? அதையும் எழுதும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஆங்கிலச் சொல்கூடத் தெரிய வேண்டியதில்லை.

மார்க்கை முதலில் கேட்காதீர்கள். ரூத் பட்லர் என்பவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும் தந்தார்கள், சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்கு மார்க்கும் குறிப்பும் சேர்த்து. குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் ஆர்வம் குறையாமல் முன்னேறினார்கள். மார்க்கும் சேர்ந்து வந்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. அவை கட்டுரை அல்ல, சொல் அமைப்பது போன்ற சிறு வேலைகள். ஆனால் பத்துக்கு ஆறு என்று பார்த்ததும் நோட்டை மூடிவைக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் வீட்டில் பார்த்திருக்கிறோம்.

செல்போன் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது போனில் எழுதினால் அதுவே திருத்திக் கொடுத்துவிடுகிறது, கேட்டால் முழுக் கட்டுரையும் எழுதித் தந்துவிடுகிறது. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியதற்குச் சமம். பிள்ளை முதலில் தாளில் எழுதட்டும். பிறகு போனில் போட்டு, அது எந்த இடங்களை மாற்றியது என்று பார்த்து, ஒரே ஒரு மாற்றத்துக்குக் காரணம் சொல்லட்டும். அந்த அளவில் போன் உதவும்.

அடுத்த முறை நோட்டைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டையும் வாங்கி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பத்தி இருந்தால் அதைத்தான் டீச்சரிடம் கேட்க வேண்டும். கோணல்மாணலாக, அடித்து எழுதி, ஒன்றிரண்டு கோடு மட்டும் போட்டு, கீழே ஒரு கேள்வியும் அதற்குப் பிள்ளையின் பதிலும் இருந்தால் அந்த டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அரசு பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பெற்றோருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் பகுதித் தாய்மார்கள் பலர் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் கூட்டத்தில் இதையும் கேட்கலாம். வாரத்தில் ஒரு பீரியட் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வேண்டும். அதற்குத் தனி நோட்டு வேண்டும். மாதத்துக்கு ஒரு பிழையை மட்டும் திருத்தினால் போதும். மற்றப் பிழைகளைத் திருத்தவில்லை என்று நாங்கள் புகார் சொல்ல மாட்டோம். கடைசி வாக்கியம்தான் ஆசிரியருக்கு மிகவும் தேவைப்படுவது. அதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பலாம்.